கோபத்துக்குச் சம்பளம்

கோபப்படுவதற்கு நான் சம்பளம் வாங்கியிருக்கிறேன். 2009 வாக்கில், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், வண்டிக் கடன், ஃப்ரிட்ஜ் கடன், டிவி கடன் வாங்கித் தவணை கட்டாமல் விட்டவர்களை போனில் பிடித்துக் கேட்கிற வேலை. ஆஃபர் லெட்டரில் கஸ்டமர் ரிலேஷன்ஸ் என்று கௌரவமாகப் போட்டிருந்தார்கள். உள்ளே எல்லோரும் கலெக்‌ஷன் என்றுதான் சொல்வோம்.

தவணை தவறி முப்பது நாளுக்குள் இருந்தால் முதல் பக்கெட். 31இலிருந்து 60 வரை இரண்டாவது, 61இலிருந்து 90 வரை மூன்றாவது. 90 நாள் தாண்டினால் ரிசர்வ் வங்கிக் கணக்கில் அது வாராக்கடன். அதை வேறு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். முதல் பக்கெட்டுக்குக் குழைந்து பேச வேண்டும். ‘மறந்திருப்பீங்க சார், ஞாபகப்படுத்தலாம்னு கூப்பிட்டேன்.’ இரண்டாவதில் குழைவு போய்விடும். மூன்றாவதில் குரல் இறுக வேண்டும். ஆனால் கத்தக் கூடாது, ஒருமையில் பேசக் கூடாது, கெட்ட வார்த்தை கூடவே கூடாது. கால் எல்லாம் ரெக்கார்ட் ஆகும்; குவாலிட்டிக்காரர்கள் கேட்டு மார்க் போடுவார்கள்.

மரியாதை குறையாமல் ஒருவரைக் கூனிக் குறுக வைப்பது எப்படி? எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் அதில் கைதேர்ந்தவர். முதல் வாக்கியத்தில் ‘சார்’ போடு, இரண்டாவதிலும் போடு, மூன்றாவதில் எடுத்துவிடு என்பார். ‘நீங்க’ அப்படியே இருக்கட்டும், ‘சார்’ மட்டும் போகட்டும். எதிர்முனையில் இருப்பவருக்குத் தன்னிடமிருந்து என்ன போயிற்று என்று சொல்லத் தெரியாது. ஏதோ போய்விட்டது என்று மட்டும் உறைக்கும். இன்னொரு வித்தை, மௌனம். ‘எப்ப கட்டுவீங்க?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஹெட்செட்டில் எதிராளி மூச்சு விடுவது கேட்கும், பின்னால் டீக்கடைப் பாட்டு கேட்கும், பிள்ளை அழுவது கேட்கும். நாம் பேசக் கூடாது. தாங்க முடியாமல் அவரே ஒரு தேதியைச் சொல்லிவிடுவார். அதை பி.டி.பி. என்று கணினியில் ஏற்றுவோம்: கட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

நான் சண்டைக்காரி இல்லை. பள்ளிக்கூடத்தில் பென்சிலைப் பிடுங்கினால்கூடக் கொடுத்துவிட்டு வருகிற ஜாதி. அதனால் மூன்றாம் பக்கெட்டில் போட்டபோது முதலில் தடுமாறினேன். ‘உங்க வீட்டுப் பணத்தை எடுத்துட்டுப் போய் அவன் பிரியாணி சாப்பிடறான்னு நினைச்சுக்கோம்மா’ என்றார் பயிற்சியாளர். நினைத்துக்கொண்டேன். வேலை செய்தது. குரல் தானாக இறுகியது, மார்க் ஏறியது, இன்சென்டிவ் வந்தது.

சிக்கல் என்னவென்றால், ஷிஃப்ட் முடிந்து ஹெட்செட்டைக் கழற்றிய பிறகும் அது இறங்க மறுத்தது. ஆட்டோக்காரர், காய்கறிக்காரம்மா, ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர், யாரும் தப்பவில்லை. ஒருநாள் தம்பி இருநூறு ரூபாய் கேட்டான். ‘எப்ப திருப்பிக் கொடுப்பே? தேதி சொல்லு’ என்று கேட்டுவிட்டு நான் பேசாமல் இருந்தேன். அவன் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘அக்கா, நான் உன் கஸ்டமர் இல்ல’ என்றான்.

அம்மாவின் தீர்ப்பு எளிமையானது: ‘உன் கொணமே மாறிப்போச்சுடி.’ அலுவலகத்தில் எச்.ஆர். ஒரு மூச்சுப் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். தொலைக்காட்சியில் சாமியார் ஒருவர் கோபம் அறியாமையின் பிள்ளை என்றார். மூன்று பேர் சொன்னதும் ஒன்றுதான். கெட்ட உணர்ச்சி எனக்குள் முளைத்த களை. அதை நான்தான் பிடுங்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் அஞ்சல்வழியில் சமூகவியல் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். பி.எட். போட இடம் கிடைக்காததால் எடுத்த படிப்பு, பெரிய லட்சியம் எதுவும் கிடையாது. வார இறுதி வகுப்பில் ஒரு பேராசிரியை, நான் பார்க்கும் வேலையைக் கேட்டுவிட்டு, அடுத்த வாரம் ஒரு ஜெராக்ஸ் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆர்லி ரஸ்ஸல் ஹோக்‌ஷில்ட் எழுதிய ‘தி மேனேஜ்டு ஹார்ட்’. 1983இல் வந்த புத்தகம். அம்பத்தூருக்கும் சென்ட்ரலுக்கும் நடுவே மின்சார ரயிலில் நின்றுகொண்டே அதைப் படித்தேன். ஆங்கிலம் கரடுமுரடாக இருந்தது. ஆனால் விஷயம் எனக்குத் தெரிந்த விஷயம்.

மார்க்ஸின் ‘மூலதன’த்தில் வரும் ஒரு சிறுவனிலிருந்து அவர் ஆரம்பிக்கிறார். இங்கிலாந்தில் சுவர்க் காகிதத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஏழு வயதுப் பையன். பனியில் அவனை முதுகில் சுமந்து போய் விட்டதாகவும், அவன் இயந்திரத்தை விட்டு நகர முடியாததால் மண்டியிட்டு அவனுக்குச் சோறு ஊட்டியதாகவும் அவன் தாய் 1863இல் விசாரணைக் குழுவிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பையனின் பக்கத்தில் ஹோக்‌ஷில்ட் கொண்டுவந்து நிறுத்துவது டெல்டா விமான நிறுவனத்தின் பணிப்பெண்ணை. பையன் கையை விற்றான், இவள் புன்னகையை விற்கிறாள். விமானத்தின் உட்புறத்தைத் தன் வீட்டு வரவேற்பறை என்று நினைத்துக்கொள்ளச் சொல்லித் தருகிறார்கள். எரிந்து விழும் பயணியைப் பார்த்தால், பாவம், அவர் வீட்டில் என்ன துக்கமோ என்று எண்ணச் சொல்கிறார்கள். வெறுமனே பல்லைக் காட்டுவது மேலோட்டமான நடிப்பு. உள்ளே அந்த உணர்ச்சியையே வரவழைத்துக்கொள்வது ஆழ்ந்த நடிப்பு. கம்பெனிக்கு வேண்டியது இரண்டாவது.

பாதிப் புத்தகத்தில், எனக்காகவே எழுதினாற்போல, கடன் வசூல்காரர்கள் வந்தார்கள். விமானப் பணிப்பெண் வாடிக்கையாளரை ஏற்றி வைக்க வேண்டும், வசூல்காரர் இறக்கி வைக்க வேண்டும். முதலாளித்துவத்தின் கால்விரல் அவள், குதிகால் இவர் என்கிறார் ஹோக்‌ஷில்ட். இன்னும் கொஞ்சம் கோபமாகப் பேசக் கூடாதா என்று மேலாளர் வந்து நெருக்குவதாக ஒரு ஊழியர் சொல்லியிருந்தார். நான் ரயிலில் சிரித்துவிட்டேன். அமெரிக்காவில் அந்த மனிதருக்கு அதைச் சொன்னபோது நான் பிறந்துகூட இருக்க மாட்டேன். எங்கள் டீம் லீடர் அதே வார்த்தையை முந்தாநாள்தான் சொல்லியிருந்தார்.

களை என்று நான் நினைத்தது பயிர். விதைத்து, தண்ணீர் விட்டு, மாதக் கடைசியில் எடை போட்டு எடுத்துக்கொள்கிற பயிர். இது புரிந்ததில் கிடைத்த நிம்மதியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கோட்பாடு என்றாலே வறட்டுச் சரக்கு என்கிறவர்களுக்கு, வெட்கத்தில் குமைந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு அது என்ன செய்யும் என்று தெரியாது.

ஆனால் அதே புத்தகத்தின் முன்னுரைதான் என்னை அதனோடு சண்டை போடவும் வைத்தது. ஹோக்‌ஷில்ட்டின் பெற்றோர் அமெரிக்க வெளியுறவுப் பணியில் இருந்தவர்கள். பன்னிரண்டு வயதில் விருந்தினருக்கு வேர்க்கடலைத் தட்டை நீட்டிக்கொண்டே அவர்களுடைய புன்னகைகளைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்திருக்கிறார். அதைப் படித்ததும் எனக்கு எங்கள் வியாசர்பாடி வீட்டு வாசற்படி ஞாபகம் வந்தது. அப்பா தண்டலுக்குப் பணம் வாங்கியிருந்தார். தினமும் சாயங்காலம் தண்டல்காரர் சைக்கிளில் வருவார், கைக்கு அடக்கமான ஒரு அட்டையில் அன்றைய தொகையை எழுதிக் கையெழுத்துப் போடுவார். பணம் இல்லாத நாளில் அப்பா பின்பக்கமாகப் போய்விடுவார். அம்மாதான் வாசலுக்கு வருவாள். ‘வாங்கண்ணே, வெயில்ல வர்றீங்க, மோர் சாப்பிடுங்க.’ நான் கதவு இடுக்கில் நிற்பேன். தாடை வலிக்க வலிக்க ஒரு சிரிப்பு. அவர் மோரைக் குடித்துவிட்டு, அட்டையில் எழுதாமல், ‘நாளைக்கு ரெண்டு நாளுதையும் சேத்துக் கொடுத்துரும்மா’ என்று சொல்லிவிட்டுப் போவார். அதன் பிறகு அரை மணி நேரம் அடுக்களையில் பாத்திரங்களுக்கு உயிர் வந்துவிடும். டம்ளரை வைக்கிற சத்தத்தில் யார் எவ்வளவு தூரம் தள்ளி உட்கார வேண்டும் என்று எங்களுக்கு அளவு தெரியும்.

சம்பளத்துக்காக உணர்ச்சியை ஆள்வதற்கும் வீட்டில், உறவில் அதையே செய்வதற்கும் ஹோக்‌ஷில்ட் கோடு போடுகிறார். முன்னது சந்தையில் விலை போகும், பின்னது பயன்படும், விலை போகாது. அம்மாவின் சிரிப்பை எங்கே வைப்பது? அவளுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்குத் துல்லியமான விலை இருந்தது: ஒரு நாள் தவணை. மோரின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதை யோசித்த பிறகு ஹெட்செட்டில் வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது. ஃப்ரிட்ஜ் கடன் வாங்கிய ஒரு பெண்மணி உண்டு, வேலூர்ப் பக்கம். ஒவ்வொரு முறையும் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிடுவார். ‘சொல்லுங்க மேடம். கண்டிப்பா மேடம். வர்ற வெள்ளிக்கிழமை கட்டிடறேன் மேடம். உங்களுக்குத்தான் எவ்ளோ சிரமம் மேடம்.’ கட்டவே மாட்டார். டீம் லீடர் அவரைப் பலே கில்லாடி என்பார். எனக்கு இப்போது அந்தக் குரலில் அம்மாவின் மோர் மணத்தது. இந்த முனையில் நான் இல்லாத கோபத்தை வரவழைக்கிறேன், அந்த முனையில் அவர் இல்லாத பணிவை வரவழைக்கிறார். இரண்டும் வேலைதான். எனக்கு பி.எஃப். உண்டு. ஹோக்‌ஷில்ட் வசூல்காரரின் மனத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவர், கடன்காரரின் இந்த உழைப்புக்கு இன்னும் சில பக்கம் கொடுத்திருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் குறை உண்டு.

ஷிஃப்ட் முடிந்தும் கோபம் ஏன் இறங்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் வேறு இடத்திலிருந்து கிடைத்தது. செய்யாறு பக்கம் பெரியம்மா இறந்துபோனார். எழவு வீட்டில் பெண்கள் வட்டமாகத் தோளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். தெருமுனையில் புதிதாக ஒருவர் தலை தெரிந்ததும் ஒப்பாரி எழும், வந்தவர் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் அடங்கும், நடுவில் காபி வரும், பஸ் எத்தனை மணிக்கு என்று பேச்சு வரும், மறுபடி ஒருவர் வந்தால் மறுபடி எழும். ஜெராக்ஸ் கட்டைக் கரைத்துக் குடித்திருந்த எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. எழுபது வயது அத்தையிடம் ஓரமாகப் போய், ‘நினைச்ச மாத்திரத்துல எப்படி அத்தே அழுகை வருது?’ என்று கேட்டேன். அவர் முறைக்கவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: ‘அழுகை வந்துதான் அழணும்னா பாதிப் பொம்பளைங்க திண்ணையிலதான் உக்காந்திருக்கணும். உக்காந்து அழ ஆரம்பிச்சா தன்னால வரும். அப்புறம் அவ அவ தன் வீட்டுச் சாவுக்கு அழுவுறா, போ.’

வில்லியம் ஜேம்ஸ் 1884இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதன் முதல் பாதி இருக்கிறது. துக்கம் வந்து அழுகிறோம் என்பது தலைகீழ், அழுவதால்தான் துக்கப்படுகிறோம் என்பது அவர் வாதம். ஹோக்‌ஷில்ட்டும் பின்னிணைப்பில் அவரை எடுத்துப் பேசுகிறார். அத்தை சொன்னதன் இரண்டாம் பாதியைத்தான் நான் எங்கும் படிக்கவில்லை. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. வாடகைக்கு எடுத்த உணர்ச்சி, உண்மையான உணர்ச்சி என்று இரண்டு பெட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் நான் பேசிய கோபம் கம்பெனி கொடுத்த வசனம்தான். ஆனால் அந்த வசனத்தைச் சொல்லச் சொல்ல உள்ளே எழுந்து வந்தது யார் கோபம்? சைக்கிள் மணிச் சத்தம் கேட்டதும் பின்பக்கமாக நழுவிய அப்பா மேல் இருந்த கோபம். அட்டையை நீட்டியவர் மேல் இருந்த கோபம். மோர்த் தம்ளர் மேல்கூட இருந்த கோபம். கம்பெனி சாவியைத்தான் கொடுத்தது, பண்டகசாலை என்னுடையது. அப்படியென்றால் ஷிஃப்ட் முடிந்ததும் அது இறங்காததில் அதிசயம் இல்லை. அது போவதற்கு வேறு வீடு கிடையாது.

கோபமாவது பெரிய இடத்துப் பிள்ளை. காவியத்துக்கு ஆகும், கோயில் தூணில் சிற்பமாக நிற்கும். பொறாமைக்கு அந்த வாய்ப்பும் இல்லை. எங்கள் தளத்தில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு, யார் எவ்வளவு வசூல் என்று தினமும் எழுதுவார்கள். பக்கத்து சீட்டுத் தோழி எப்போதும் மேலே இருப்பாள். எனக்கு வயிறு எரியும். அவள் நல்லவள், டிஃபன் பாக்ஸைத் திறந்ததும் முதல் கவளம் எனக்குத்தான், அதனால் எரிச்சல் இரண்டு மடங்கு. ஒருநாள் அவள் கணக்குப் பட்டியலைச் சும்மா நோட்டம் விட்டேன். பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். என்னுடையதில் கூலி வேலை, தள்ளுவண்டி, சீசன் வியாபாரம். டீம் லீடரிடம் போய்ப் பட்டியலை மாற்றிப் பிரிக்கக் கேட்டேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ‘என்னம்மா, ஃப்ரெண்டு மேலேயே பொறாமையா?’ என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பேச்சு முடிந்துவிட்டது.

சியான் நை எழுதிய ‘அக்லி ஃபீலிங்ஸ்’ 2005இல் வந்தது; என் கைக்கு வர இன்னும் பல வருடம் ஆயிற்று. எரிச்சல், பொறாமை, பதற்றம் போன்ற சில்லறை உணர்ச்சிகளைப் பற்றிய புத்தகம். பெருங்கோபம் போல இவை வெடித்து ஓய்வதில்லை, எதையும் சாதிப்பதுமில்லை, நீறுபூத்த மாதிரி கிடக்கும். பொறாமை பற்றி அவர் சொல்வது இது: அது ஏற்றத்தாழ்வைக் கண்ட கண்ணின் எதிர்வினை. ஆனால் பொறாமை என்று பேர் வைத்த கணத்தில், கண்ட விஷயம் காணாமல் போய், கண்டவளுடைய குணக்கேடு மட்டும் மிஞ்சும். அதுவும் பெண்ணாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். டீம் லீடரின் அந்த ஒற்றைக் கேள்வி செய்த வேலையை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. மற்றபடி அந்தப் புத்தகத்தில் மெல்வில், நெல்லா லார்சன், சினிமா என்று சுற்றிச் சுற்றிப் போகும் இடங்களில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. மீதியில் ஆசிரியருக்கே தன் சொற்களின் மேல் கொஞ்சம் மயக்கம் என்று பட்டது.

இங்கே தொல்காப்பியத்தை இழுத்து, எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது என்று மீசை முறுக்குகிற ஆசை எனக்கில்லை. ஆனாலும் மெய்ப்பாட்டியலைத் திருப்பிப் பார்த்தேன். அழுகை, அச்சம், வெகுளி என்று எட்டைச் சொல்லி முடித்த பிறகு, இன்னும் முப்பத்திரண்டைத் தனியாக அடுக்குகிறது அது. அந்தக் கூட்டத்தில் நாணல், ஐயம், மடிமை எல்லாவற்றோடும் பொறாமையும் ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. கெட்டது என்று அங்கே அதற்கு முத்திரை எதுவும் இல்லை. உடம்பில் தெரியும், கவனித்துக்கொள் என்பதோடு சரி. பொறாமையை அறத்துக்கு எதிராக நிறுத்தியது பிறகு வந்த நீதி நூல்களின் வேலை.

படித்ததையெல்லாம் வீட்டில் பிரயோகிக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. ஒருநாள் அம்மா எதற்கோ சிடுசிடுவென்று இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ‘உன் எரிச்சலுக்கு நீ காரணமில்லம்மா, சமூக அமைப்புதான் காரணம்’ என்று ஆரம்பித்தேன். ‘சரி, அந்த அமைப்ப வந்து அரிசி களையச் சொல்லு’ என்றாள். பேசாமல் எழுந்து போய் அரிசியை நான் களைந்தேன். அன்று பாத்திரச் சத்தம் குறைவாகத்தான் இருந்தது. கோட்பாட்டாளர்கள் இந்தப் பகுதியை ஏன் இவ்வளவு வேகமாகக் கடந்துவிடுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

வேலையை விட்டது பெரிய முடிவெல்லாம் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது, போய்விட்டேன். பலகையில் முதலாவதாக இருந்த தோழி அந்தத் தொழிலிலேயே தங்கி, இன்று வேறொரு நிறுவனத்தில் பயிற்சிப் பிரிவுக்குத் தலைவி. போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். காலை எட்டு மணிக்கு முன்னாலும் இரவு ஏழு மணிக்குப் பின்னாலும் வசூல் போன் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொன்னதிலிருந்து ஷிஃப்ட் எல்லாம் மாறிவிட்டது என்றாள். முதல் பக்கெட்டுக்கு இப்போது ஆளே கிடையாதாம். பதிவு செய்த குரல்தான் போகிறது. அந்தக் குரலைத் திட்டுகிறவர்களும் இருக்கிறார்களாம், அதிலும் சில பேர் கடைசியில் சாரி சொல்லிவிட்டு வைக்கிறார்களாம்.

பேச்சு ஹோக்‌ஷில்ட்டில் வந்து நின்றது. மேலோட்ட நடிப்பு, ஆழ்ந்த நடிப்பு, வரவேற்பறை, துக்கத்தில் இருக்கும் பயணி என்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வேலை நம்மிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்று சொல்வதற்காக எழுதிய புத்தகம் அது என்றும் சொன்னேன். அவள் போனை எடுத்து நோட்ஸ் எழுதிக்கொண்டே வந்தாள்.

‘சூப்பர்டி. பசங்க ரெண்டு மாசத்துல பிச்சிக்கிட்டு ஓடறானுங்க. இந்த ஆழ்ந்த நடிப்பு மேட்டர இன்டக்‌ஷன்லயே சொல்லிக் கொடுத்துட்டா நிப்பானுங்க, இல்ல?’

‘அது அதுக்காக எழுதினது இல்லடி.’

‘எதுக்காக எழுதினா என்ன, வேல செய்யுதுல்ல? பயிற்சி பத்தின அத்தியாயம் மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடு. முழு புக் வேணாம், படிக்க நேரமில்ல.’

கொடுத்தேன். அந்த அத்தியாயத்தோடு வசூல்காரர் அத்தியாயத்தையும் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தேன். இன்னும் போன் வரவில்லை.